என் கோட்டில் இரண்டு புள்ளிகள்

இதை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மருத்துவமனையிலிருந்து வந்து ஏழு மாதம் ஆகிறது. குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். என் நோய் அந்த வகை இல்லை. நடக்கிறேன், சாப்பிடுகிறேன். இரண்டு பத்தி எழுதினால் களைப்பு வருகிறது. படுத்து எழுந்து மூன்றாவதை எழுதுகிறேன். நோயைப் பற்றி எழுதுகிறவர்கள் வலியைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு வலி இருக்கவில்லை. என் சிறுநீரகத்தைப் பற்றிக் கணினியில் வரைந்த ஒரு கோடு தவறாக இருந்தது. அதை நம்பி எனக்குக் கடுமையான மருந்து ஏற்ற இருந்தார்கள். அந்த நாட்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. தர்மபுரியில் ஒரு நாளிதழுக்கு இருபத்திரண்டு ஆண்டு வேலை பார்த்தேன்; பெரும்பாலும் செய்தியாளனாக, நடுவில் சில ஆண்டு செய்தி மேசையில். வீடு இண்டூர் பக்கம். நானும் தம்பி மாதையனும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இரண்டு வீடுகளில் இருக்கிறோம். நிலத்தை அவன் பார்க்கிறான். தக்காளி, மஞ்சள், கொஞ்சம் கரும்பு. என் மனைவி வசந்தா பக்கத்து ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது ஆண்டு ஆகிறது.

மூன்று ஆண்டுக்கு முன் எங்கள் ஊருக்கு ஒரு மருத்துவ ஆய்வுக் குழு வந்தது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களின் சிறுநீரகம் ஆண்டுகள் போகப்போக எப்படி மாறுகிறது என்று பார்க்கிற ஆய்வு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமுதாயக் கூடத்துக்குப் போய் ரத்தமும் சிறுநீரும் கொடுக்க வேண்டும். பத்து ஆண்டுக்கு இப்படி. ஒப்புதல் படிவத்தை வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஆளுக்கு ஒரு கார்டு கொடுத்தார்கள். அதில் பெயர் கிடையாது, படம் கிடையாது. ஓர் எண்ணும் பார்கோடும் மட்டும். எது யாருடைய ரத்தம் என்று ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு என்றுதான் அப்போது நினைத்தேன். வசந்தா அந்தக் கார்டை ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் உறையில் வைத்தாள்.

போன ஆண்டு, ஆறாவது சுற்றுக்கு ரத்தம் கொடுக்கப் போனபோது என் கால் வீங்கியிருந்தது. காலையில் கழற்றிய செருப்பின் வார்த் தடம் மதியம் வரை மறையவில்லை. கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்து, மெதுவாக மேலே வந்தது. செய்திக்காக நாள் முழுக்க நின்று அலைவதால் இருக்கும் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து ஆய்வுக் குழுவிலிருந்து போன் வந்தது.

"சார், நாளைக்கே வந்துடுங்க. தள்ளிப் போடாதீங்க."

போன மருத்துவமனை எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பெயர் வேண்டாம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு டோக்கன் வாங்கினோம். எங்கள் எண் முப்பத்தேழு. காத்திருக்கும் கூடத்தில் இருந்த நாற்காலிகள் எல்லாம் வரிசையாக ஒரே கம்பியில் பொருத்தப்பட்டவை. ஒருவர் எழுந்தால் எல்லோரும் ஆடுவார்கள். மூன்று மணி நேரம் ஆடிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். சிறுநீரகப் பிரிவுக்கு வருகிறவர்களைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும், ஆனால் குடிக்க மாட்டார்கள். மூடியைத் திறந்து வாயை நனைத்துக்கொண்டு மூடுவார்கள்.

டாக்டர் இளங்கோ நாற்பது வயதைத் தாண்டாதவர். கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஒரு கோடு, அதன்மேல் புள்ளிகள்.

அந்த எண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் தசைகள் வேலை செய்யும்போது கிரியாட்டினின் என்று ஒரு கழிவு உண்டாகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே அனுப்ப வேண்டும். ரத்தத்தில் அது கூடினால் வடிகட்டி மந்தமாகிறது என்று பொருள். அதை வயதோடு சேர்த்துக் கணக்குப் போட்டு ஓர் எண் சொல்கிறார்கள். நூறை ஒட்டி இருந்தால் நல்லது. பதினைந்துக்குக் கீழே போனால் டயாலிசிஸ் இயந்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். என் எண் முப்பது.

"மொத மூணு சுற்று கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சிருக்கீங்க. 58, 53, 47. அப்புறம் நல்லா ஏறியிருக்கு. 88, 91. அந்த நேரத்துல மாத்திரை ஏதாவது மாத்தினாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"பிரஷர் மாத்திரை மாத்தினாங்க."

"சரி. ஒரு வருஷம் நல்லா இருந்திருக்கீங்க. இப்ப திடீர்னு 30. ஆறு மாசத்துல அறுபது போயிருக்கு சார். சர்க்கரை இப்படிப் பண்ணாது. இது வேற."

அந்த 'வேற' என்ன என்று அவர் பொறுமையாகச் சொன்னார். சர்க்கரை சிறுநீரகத்தைக் கெடுப்பது மெதுவாக நடக்கும். வடிகட்டிகள் ஒவ்வொன்றாகத் தழும்பாகும். தழும்பு மறுபடி வடிகட்டி ஆகாது. இன்னொரு வகை நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வடிகட்டிகளைத் தாக்கும். வாரக்கணக்கில் எல்லாம் போய்விடும். ஆனால் சீக்கிரம் பிடித்து அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்கினால் போனதில் நிறையத் திரும்பி வரும்.

"அப்ப மருந்து போட்டா பழையபடி ஆயிடுங்களா?" என்று வசந்தா கேட்டாள்.

"நெறைய திரும்ப வாய்ப்பிருக்கும்மா. அதான் அவசரப்படறேன்."

திட்டம் இது. அன்றே அட்மிஷன். செவ்வாய் மாலை ஐந்து மணியிலிருந்து மூன்று நாள் ஸ்டீராய்டு மருந்தை நரம்பில் ஏற்றுவது. வியாழக்கிழமை பயாப்சி, அதாவது முதுகுப் பக்கம் ஊசியை நுழைத்துச் சிறுநீரகத்திலிருந்து நூல்போல ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. பயாப்சி செய்கிறவர் வியாழக்கிழமைதான் வருவார். அதுவரை மருந்துக்குக் காத்திருக்க முடியாது. சர்க்கரை உள்ளவனுக்கு ஸ்டீராய்டு ஏற்றினால் சர்க்கரை தாறுமாறாக ஏறும், கிருமித் தொற்று எளிதில் பிடிக்கும். அதற்கடுத்து மாதாமாதம் போடும் மருந்து இன்னும் கடுமையானது. பயாப்சியில் சிலருக்கு ரத்தக் கசிவு ஏற்படும். ஒவ்வொன்றையும் சொல்லி ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கினார்கள். நான் எல்லாவற்றையும் படித்தேன். வசந்தா படிக்காமல் போட்டாள். அவளுக்கு 'திரும்பும்' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

அன்று மாலைவரை பரிசோதனைகள். ஏழு குழாய் ரத்தம், மூடிகள் நான்கு நிறத்தில். ஸ்கேன் எடுத்த பெண் திரையைப் பார்த்தே பேசினார். "சைஸு ஒம்போதர சென்டிமீட்டரு. பார்டர்லதான் இருக்கு." சிறுநீரகம் நன்றாகச் சுருங்கியிருந்தால் பழைய நோய், அளவு சரியாக இருந்தால் புது நோய் என்று கொள்ளலாமாம். என்னுடையது இரண்டுக்கும் இடையில் இருந்தது. சர்க்கரைக்காரர்களுக்குச் சிறுநீரகம் கெட்டாலும் அளவு குறையாமல் இருப்பதுண்டு என்பதால், ஸ்கேனை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றார்கள். ஆக, டாக்டர் கையில் இருந்த பெரிய சாட்சி அந்தக் கோடுதான்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் சடையன் என்பவர் இருந்தார். சித்தேரி மலையில் சாமை விதைக்கிறவர். ஓராண்டாக டயாலிசிஸ் செய்துகொள்கிறார். காய்ச்சல் வந்ததால் இந்த முறை படுக்க வைத்துவிட்டார்கள்.

"வாரத்துக்கு ரெண்டு தடவ மலை எறங்கறனுங்க. வர்றப்ப நல்லாத்தான் வருவேன். திரும்பறப்பதான் காலு நிக்காது. கண்டக்டரு என்னப் பாத்ததும் யாரையாச்சும் எழுப்பி வுட்ருவாரு" என்றார். பிறகு, "ஒங்களுக்கு ஊசிலயே சரியாயிருங்களாமே? அப்ப பஸ்ஸு பிரச்சன இல்ல" என்றார்.

உப்பில்லாத சோற்றை வசந்தா வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். தனக்கும் அதையே கொண்டுவந்திருந்தாள் என்பதை இரண்டாம் நாள்தான் கவனித்தேன். மாதையனிடம் ஒரு லுங்கி வாங்கி வரச் சொன்னேன். மூன்று வாங்கி வந்தான். சார்ஜருக்கு நீள வயர், மடக்கு நாற்காலி, கொசுவத்தி என்று கேட்காததெல்லாம் வந்தன. வருகிறவர்களிடமெல்லாம் அவன் ஒன்றையே சொன்னான்: "மூணு ஊசி. போட்டுட்டா வந்துரும்." செவ்வாய் மதியத்துக்குள் எங்கள் உறவினர் எல்லோருக்கும் நான் குணமாகப் போகிறவனாக ஆகிவிட்டிருந்தேன்.

அன்று மூன்று மணி சுமாருக்கு ஒரு பெண் லேப்டாப்போடு வார்டுக்குள் வந்தார். முப்பது வயதிருக்கும். பெயர் கலைவாணி, ஊர் பொம்மிடி.

"நான் டாக்டர் இல்லைங்க சார். ஆய்வுல கணக்கு பாக்கற ஆளு. உங்க கோட்ட சாப்ட்வேர் தனியா எடுத்து வெச்சிருக்கு. சில கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன்."

கேள்வி கேட்டுப் பழகியவன் என்பதால் முதலில் நான்தான் கேட்டேன். அந்த மென்பொருள் என்ன செய்கிறது? அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். அதற்கு இரண்டு வேலை. ஆய்வு தொடங்குவதற்கு முன் எத்தனை பேர் வேண்டும், எத்தனை ஆண்டு தொடர வேண்டும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும் என்று திட்டம் போடுவது முதல் வேலை.

"நெறையப் பேர ஒரு தடவ பாத்தா இன்னிக்கு யாரு எப்படி இருக்காங்கன்னு தெரியும். யாரு எந்தப் பக்கம் போறாங்கன்னு தெரியாது. அதுக்கு அதே ஆளத் திரும்பத் திரும்பப் பாக்கணும். அதனால மொதல்ல கம்ப்யூட்டருக்குள்ள கற்பனையா ஆளுங்கள உண்டாக்குவோம். அவங்களப் பத்து வருஷம் ஓட விடுவோம். சில பேரு வர மாட்டாங்க, சில பேரு வேலைக்குப் பெங்களூரு போயிடுவாங்க, சில பேரு எறந்துடுவாங்க. இவ்வளவும் நடந்தாலும் நமக்கு விடை கெடைக்குமான்னு பாத்துட்டுத்தான் நிஜ ஆளுங்ககிட்ட வருவோம்."

இரண்டாவது வேலை, வந்த அளவுகளைப் படிப்பது. ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு, எல்லோருக்கும் சேர்த்து ஒரு பொதுக் கோடு. ஒருவருடைய கோடு மற்றவர்கள் போகிற போக்கிலிருந்தும், தன்னுடைய பழைய போக்கிலிருந்தும் ஒரேயடியாக விலகினால் மென்பொருள் அதைத் தனியாக எடுத்து வைக்கும். அளவில் பிழையா, ஆளுக்கே ஏதாவது ஆகிவிட்டதா என்று மனிதர்கள் போய்ப் பார்க்க வேண்டும்.

"வலி மாத்திரை சாப்பிட்டீங்களா சார்? நாட்டு மருந்து? பேதி ஆச்சா?"

எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். திரையில் என் கோடு இருந்தது. டாக்டர் அறையில் அதன் வளைவைத்தான் பார்த்திருந்தேன். இப்போது பழக்க தோஷத்தில் புள்ளிகளை எண்ணினேன். ஆறு. சமுதாயக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் நாற்காலி ஜன்னலோரம் இருக்கும். அதில் உட்கார்ந்த நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நான்குதான் வந்தது.

"புள்ளிக்குத் தேதி வருங்களா?"

அவர் அம்புக்குறியை நான்காவது புள்ளியின் மேல் வைத்தார். தேதி வந்தது. தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாள். அன்று விடியற்காலையிலிருந்து மறுநாள் வரை எண்ணும் மையத்தைவிட்டு நான் வெளியே வரவில்லை. ஐந்தாவது புள்ளி. ஒகேனக்கல்லில் வெள்ளம் வந்து மூன்று நாள் அங்கேயே தங்கியிருந்த வாரம்.

"இந்த ரெண்டு நாளும் நான் ஊர்லயே இல்லைங்க" என்றேன்.

மாதையன் ஜன்னலோரம் நின்று தனக்குச் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தான். எனக்கு அது தடை. அவன் கை நின்றது.

"நாந்தாண்ணா" என்றான்.

"என்ன நாந்தான்?"

"நாந்தான் குடுத்தேன். ரெண்டு தடவயும். முனியம்மா அக்கா வந்து, உங்க அண்ணன் வரலன்னா எங்க லிஸ்ட்டுல செகப்பு வுழுந்துரும், மேல இருந்து என்னியக் கேப்பாங்கன்னுச்சு. ஒனக்குப் போன் பண்ணேன். கூட்டத்துல இருந்த. 'கார்டு இருக்குல்ல, நீ போயிட்டு வாடா'ன்ன."

"நானா சொன்னேன்?"

"நீதான். ரேஷனுக்கும் அப்பிடித்தானே சொல்லுவ."

"அது பருப்புடா. இது ரத்தம்."

"ஒரே ஆத்தா வயித்துல பொறந்தோம். ஒரே ரத்தந்தானேண்ணா."

பக்கத்துக் கட்டிலில் சடையன் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியதும் இருமினார்.

முனியம்மாள் எங்கள் ஊர்க்காரர். ஆய்வுக் குழுவுக்காக வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூடத்துக்கு அழைத்து வருவது அவர் வேலை. ரத்தம் எடுப்பவர்கள் வெளியூர்க்காரர்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு ஆட்கள். கார்டை நீட்டினால் ஸ்கேன் செய்வார்கள். முகத்தைப் பார்க்க அவர்களுக்குத் தேவை இருக்கவில்லை.

கலைவாணி மாதையனிடம் கேட்டார். "உங்களுக்கு வயசு எவ்ளோங்க?"

"நாப்பத்தஞ்சு."

"சர்க்கரை, பிரஷர்?"

"ஒண்ணுமில்லீங்க. வெத்தல மட்டும்."

கலைவாணி அந்த இரண்டு புள்ளிகளையும் விரலால் தொட்டுக் காட்டினார். "வராம போறதுக்கு மூணு விதமா வழி வெச்சிருந்தோம் சார். வேற ஒருத்தரு வருவாங்கன்னு வெக்கல" என்றார்.

அப்போது மணி நான்கு ஆகியிருந்தது. நர்ஸ் மருந்துப் பாட்டிலை ஸ்டாண்டில் தொங்கவிட்டுக் குழாயில் காற்று நீக்கிக்கொண்டிருந்தார். டாக்டரைக் கூப்பிடச் சொன்னோம். இளங்கோ வந்து நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படவில்லை. மாதையனை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீங்க சொல்றது உண்மையா இருந்தா இது சர்க்கரைதான். இந்த மருந்து உங்களுக்குக் கெடுதல்தான் பண்ணும். உண்மையா இல்லாம நான் நிறுத்திட்டா, இருக்கற கிட்னியும் போயிடும். பேச்ச வெச்சு நிறுத்த முடியாது. அந்த ஒரு வருஷத்துல வேற எங்கயாவது ரத்தம் டெஸ்ட் பண்ணினீங்களா? ரிப்போர்ட் இருக்கா?"

எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. வசந்தாதான் சொன்னாள். "கண்ணுக்குப் போனமே?"

சர்க்கரை விழித்திரையைப் பாதித்திருக்கிறதா என்று பார்க்க, நரம்பில் சாயம் ஏற்றிக் கண்ணைப் படம் எடுத்தார்கள். சாயம் ஏற்றும் முன் ரத்தம் பார்த்தார்கள். நான் கண் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மற்ற தாளை மடித்து வைத்திருந்தேன். அது நான்காவது சுற்றுக்கும் ஐந்தாவது சுற்றுக்கும் நடுவில்.

"ஆறரைக்கு ரவுண்ட்ஸ் வருவேன். அதுவரைக்கும் நிறுத்தி வைங்க" என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னார். மாதையன் ரத்தத்தையும் எடுத்து அனுப்பச் சொன்னார். அவன் கையை நீட்டிக் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்தியபடியே வண்டியை எடுக்க ஓடினான்.

இரண்டு மணி நேரத்தில் திரும்பினான். எந்தத் தாள் என்று தெரியாததால் பீரோவில் இருந்த பையையே கொண்டுவந்திருந்தான். கட்டிலில் கொட்டினோம். கேஸ் ரசீதுகள், மகளின் கல்லூரி மாற்றுச் சான்றிதழின் நகல், உர மூட்டைப் பில். வசந்தா அடியிலிருந்து எடுத்தாள். கண் மருத்துவமனைத் தாளில் மூன்றாவது வரி. கிரியாட்டினின் 2.0. டாக்டர் மனதிலேயே கணக்குப் போட்டு, "நாப்பதுக்கிட்ட" என்றார். மாதையனுடைய ரத்த முடிவும் வந்திருந்தது. 1.0. அவன் வயதுக்கு அது தொண்ணூறை ஒட்டி வரும்.

கலைவாணி போகாமல் உட்கார்ந்திருந்தார். வேறு ஆய்வுக்கூடத்து அளவை ஆய்வின் பதிவில் சேர்க்கக் கூடாது, ஆனால் தன் பிரதியில் போட்டுப் பார்க்கலாம் என்றார். என் கோட்டிலிருந்து இரண்டு புள்ளிகளை நீக்கினார். நடுவில் நாற்பதை வைத்தார். மேடு மறைந்தது. 58லிருந்து 30 வரை, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல ஒரே சரிவு.

டாக்டர் இளங்கோ பாட்டிலை ஸ்டாண்டிலிருந்து தானே கழற்றினார். "பயாப்சியும் வேண்டாம்" என்றார்.

மாதையன் கேட்டான். "அப்ப மூணு ஊசி போட்டா திரும்பும்னீங்களே டாக்டர்?"

"அது வேற நோய்க்குங்க. இவருக்கு அது இல்லை."

"அப்ப இவருக்குத் திரும்பாதா?"

"திரும்பாது. மெதுவாக்கலாம். நல்லாப் பாத்துக்கிட்டா டயாலிசிஸ சில வருஷம் தள்ளிப் போடலாம்."

இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தவறான மருந்திலிருந்து நான் தப்பித்தேன். அது பெரிய விஷயம். ஆனால் அந்த அறையில் யாரும் தப்பித்தவர்களாக இல்லை. ஒன்றரை நாளாக எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த குணம், மாதையனின் இரண்டு குழாய் ரத்தத்தில் இருந்த குணம். புள்ளிகளை எடுத்ததும் அதுவும் போயிற்று. வசந்தா தாள்களை அடுக்கிப் பைக்குள் திரும்ப வைத்தாள். அதற்கு அவள் எடுத்துக்கொண்ட நேரம் அதிகம்.

மறுநாள் காலை டிஸ்சார்ஜுக்குக் காத்திருந்தபோது மாதையன் என்னிடம் கேட்டான்.

"நாங் குடுத்ததாலதான் ஒனக்கு முத்திப் போச்சாண்ணா?"

அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் எழுதுகிறேன். ஒவ்வொரு சுற்று முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து ரிசல்ட் சீட்டு வீட்டுக்கு வரும். 88 என்று வந்த சீட்டை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். 'சுற்று 4' என்று அதில் இருந்தது. ரத்தம் எடுத்த தேதியும் இருந்தது. இருபத்திரண்டு ஆண்டு மற்றவர்கள் அனுப்பிய செய்தியில் முதலில் தேதியைத்தான் பார்த்தேன். அந்தச் சீட்டில் பார்க்கவில்லை, ஏனென்றால் அது நல்ல செய்தி. 30 என்று வந்திருந்தால் மூன்று முறை சரிபார்த்திருப்பேன். அதன் பிறகுதான் பிரஷர் மாத்திரையை நாள் விட்டு நாள் போட ஆரம்பித்தேன். ஊறுகாய் திரும்ப வந்தது. சர்க்கரை டாக்டரிடம் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

"தேதி பாக்காதது நான்டா. நீ இல்ல" என்றேன்.

"ரெண்டு பேரும்னு வெச்சுக்கலாம்" என்றான் அவன்.

வீட்டுக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு பக்கப் பட்டியல். உப்பு குறைவு. வலி மாத்திரை எக்காரணம் கொண்டும் கூடாது. புது மாத்திரை இரண்டு, நேரம் தவறாமல். இடது கையில் இனி யாரும் ஊசி போடக் கூடாது; பின்னால் டயாலிசிஸுக்கு அந்த நரம்பு நல்லபடி வேண்டும். என் உடம்பில் ஒரு பகுதியை வரப்போகும் நாளுக்காக ஒதுக்கி வைத்தது எனக்கு அதுதான் முதல் முறை.

முனியம்மாள் மறு வாரம் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கக்கா" என்றாள் வசந்தா.

"இல்லம்மா. வேலய வுட்டு எடுத்துருவாங்கன்னு நெனச்சேன். எடுக்கல. கலைவாணி மேடம் வூடு வூடா என்னியவே போயிக் கேக்கச் சொல்லிட்டாங்க. யாரு கார்டுல யாரு போயி ரத்தம் குடுத்தீங்கன்னு. அது வேலய வுட்டு எடுக்கறதவிட மோசமா இருக்குது."

கேட்ட இடங்களில் கிடைத்த பதில்களை அவர் அங்கேயே சொன்னார். ஒரு வீட்டில் கணவனுக்காக மனைவி கொடுத்திருந்தாள். "அவருக்கு ஊசின்னா பயங்க. நான்னா ரெண்டு பேருக்கும் சேத்தே குடுத்துருவேன்." இன்னொரு வீட்டில் மாமியார் கார்டில் மருமகள். மருமகள் அப்போது கர்ப்பம். "அதான் கெழவிக்கு எல்லாமே வித்தியாசமா வந்துச்சான்னு மேடம் கேட்டாங்க" என்றார் முனியம்மாள். முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. வெறும் கட்டம் விழுந்தால் முனியம்மாளுக்குக் கெட்ட பெயர், ஆய்வு செய்கிறவர்களுக்கு நஷ்டம் என்று நினைத்து உதவியிருக்கிறார்கள்.

கலைவாணியை நான் போனில் கேட்டேன், இதில் உங்கள் பக்கம் என்ன மாறியது என்று. "செகப்பு போட்டது நாங்கதானே சார்" என்றார். வராதவர்களின் கட்டத்தை ஊர்வாரியாகச் சிவப்பில் காட்டுவதை எடுத்துவிட்டார்கள். வராதது இப்போது வெறும் வெள்ளை. வராதவரை அந்த மென்பொருளால் தாங்க முடியும். அந்த இடத்தை நிச்சயமில்லாத இடமாக வைத்துக்கொண்டு, கோட்டைச் சுற்றி ஒரு பட்டையை அகலமாக வரையும். இன்னொருவரை அந்த ஆளாக எடுத்துக்கொண்டால்தான் தாங்காது. கார்டில் இப்போது புகைப்படம் இருக்கிறது. ரத்தம் எடுப்பவர் படத்தையும் முகத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஏழாவது சுற்று போன மாதம் நடந்தது. வலது கையை நீட்டினேன். முடிவுகளைக் கொடுக்க இரண்டு வாரம் கழித்துக் கலைவாணியே கூடத்துக்கு வந்தார். வசந்தாவும் மாதையனும் என்னோடு வந்தார்கள்.

ஆறு மாதமாக எங்கள் வீட்டில் ஊறுகாய் இல்லை. ஒரு மாத்திரை தவறவில்லை. வசந்தா சுவரில் அட்டை மாட்டி ஒவ்வொரு வேளைக்கும் கோடு போட்டாள். 'மெதுவாக்கலாம்' என்ற சொல்லை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். பழைய போக்கிலேயே போனால் இந்தச் சுற்றில் இருபத்தைந்து வர வேண்டும் என்று மென்பொருள் முன்கூட்டியே சொல்லியிருந்தது. பட்டை இருபத்திரண்டிலிருந்து இருபத்தெட்டு வரை. இருபத்தெட்டுக்கு மேலே வந்தால் கோடு வளைய ஆரம்பித்திருக்கிறது என்று நம்பலாம். எங்கள் மூன்று பேருக்கும் வேண்டியிருந்தது அந்த வளைவு.

கலைவாணி எண்ணைப் போட்டார். புள்ளி வந்து விழுந்தது. இருபத்தைந்து. கோட்டுக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

"சார், பாருங்க! கோட்டு மேலயே உக்காந்திருக்கு!" என்றார். நான் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் முறை. மூன்று ஆண்டு வேலை, அத்தனை குழப்பம், எல்லாவற்றையும் திருத்தி எடுத்த பிறகு கணக்கு சொன்ன இடத்திலேயே உடம்பு வந்து நின்றிருக்கிறது. அவர் தலையை நிமிர்த்தி வசந்தாவைப் பார்த்தார். கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"சாரிங்க சார். நான்…"

எனக்கு அவர்மேல் வருத்தம் எதுவும் வரவில்லை. செய்தி மேசையில் இருந்த காலத்தில் ஒரு விபத்துச் செய்திக்கு நான் எழுதிய தலைப்பு, ஓர் எழுத்து கூடாமல் குறையாமல் பக்கத்தின் மூன்று பத்தி அகலத்தில் அச்சாகப் பொருந்தியது. நானும் அன்று சத்தமாகச் சிரித்தேன். செத்தவர்களில் ஒருவர் பக்கத்து மேசைக்காரரின் மாமனார் என்று பிறகுதான் தெரிந்தது.

"சாரியெல்லாம் வேண்டாங்க. சரியாத்தான் வந்திருக்கு" என்றேன்.